கப்பல் எங்கே போகிறது? இணையத்தில் நல்ல தளங்களைத் தேடிப் பிடிக்கும் வழி

ஒரு சாயங்காலம் முட்டம் பாறையில் உட்கார்ந்து சுண்டல் தின்றுகொண்டிருந்தோம். வானமும் கடலும் ஒட்டுகிற இடத்தில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கப்பல். அண்ணன் மகன் கேட்டான், "சித்தப்பா, அந்தக் கப்பலு எங்க போவுது?"

"தெரியலியே மக்களே" என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்து, ஆங்கிலத்தில் 'லைவ் ஷிப் மேப்' என்று தட்டினேன். மரைன் டிராஃபிக் என்ற தளம் வந்தது. வரைபடத்தை விரலால் இழுத்து முட்டத்துக்குக் கொண்டுவந்தால், கரைக்குத் தென்மேற்கே ஒரே ஒரு பச்சை அம்புக்குறி. பச்சை என்றால் சரக்குக் கப்பல், சிவப்பு என்றால் எண்ணெய்க் கப்பல். தொட்டதும் கப்பலின் பெயர், எந்த நாட்டுக் கொடி, எத்தனை மீட்டர் நீளம், என்ன வேகம் எல்லாம் வந்துவிட்டது. போகிற இடம் கொழும்பு. பயல் அன்றைக்கு ராத்திரி வரை போனைத் திருப்பித் தரவில்லை.

இணையத்தில் புதுசாக ஏதாவது கண்டுபிடிக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். 'சிறந்த 50 தளங்கள்' என்று தேடாதீர்கள். அந்தப் பட்டியல்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை, பாதித் தளங்கள் செத்துப்போயிருக்கும், மீதி உங்களுக்குத் தேவைப்படாது. கண் முன்னால் இருக்கும் ஒரு கேள்வியிலிருந்து தொடங்குங்கள்.

முதலில் கேள்வி

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் கேள்விக்கா பஞ்சம்? ஆரல்வாய்மொழி வழியாகப் பஸ்ஸில் போகும்போது காற்றாலைகள் ஆடி மாதம் பேய் மாதிரி சுற்றுகின்றன, மாசியில் தூங்குகின்றன, ஏன்? தேரூர் குளத்தங்கரையில் கத்துகிற பறவை எது? ஐப்பசி மழையில் இடி எந்த ஊரில் விழுகிறது? இப்படி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சின்னக் கேள்வியாக இருப்பதே நல்லது.

பிறகு ஒரு வால்

கேள்வியை முழு வாக்கியமாகத் தட்டினால் கட்டுரைகளும் வீடியோக்களும்தான் வரும். உங்களுக்கு வேண்டியது கையால் தொட்டுப் பார்க்கிற தளம். அதற்குப் பொருளின் பெயரோடு ஒரு வால் சொல் சேர்க்க வேண்டும். நான் பயன்படுத்துகிற வால்கள் மூன்றே மூன்று: 'லைவ் மேப்', 'ஐடென்டிஃபை', 'ஆர்கைவ்'. இப்போது நடப்பது தெரிய வேண்டுமா, முதல் வால். இது என்ன என்று தெரிய வேண்டுமா, இரண்டாவது. பழசு வேண்டுமா, மூன்றாவது. ஆங்கிலத்தில் தட்டுவது சிரமம் என்றால் மைக் பொத்தானை அழுத்திச் சொல்லுங்கள், நம்ம ஊர் உச்சரிப்பிலேயே அது புரிந்துகொள்கிறது.

'பேர்ட் சவுண்ட் ஐடென்டிஃபை' என்று தேடினால் மெர்லின் என்ற செயலி வரும், அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் இலவசமாகத் தருவது. குளத்தங்கரையில் போனை நீட்டிப் பிடித்தால் கத்துகிற பறவையின் பெயர் திரையில் வந்து விழுகிறது. சுசீந்திரம் தேரூர் ஈரநிலம் 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது, அதாவது உலகளவில் முக்கியமான ஈரநிலம் என்று அங்கீகாரம். அங்கே அதிகாலையில் போய்ப் பாருங்கள், செயலிக்கு மூச்சு வாங்கும். 'ஆர்கைவ்' வாலுக்கு வேபேக் மெஷின் ஒன்று போதும். திறக்காமல் போன பழைய லிங்க்கை அதில் ஒட்டினால், அந்தப் பக்கத்தைச் சேமித்து வைத்திருக்கும் தேதிகளைக் காட்டும்.

இடிக்கு 'லைட்னிங் லைவ் மேப்'. மின்னல் விழுந்த இடத்திலிருந்து ஒரு வட்டம் விரிந்துகொண்டே வரும், அதுதான் இடிச் சத்தம் பரவுகிற தூரம். சத்தம் ஒரு கிலோமீட்டர் போக ஏறக்குறைய 3 விநாடி எடுக்கும். வட்டம் நம்ம ஊரைத் தொடுகிற நேரத்தில் இடி கேட்கிறதா என்று வீட்டுக்குள் இருந்து பந்தயம் கட்டலாம். வெளியே வேண்டாம்.

அது எப்படித் தெரியும் என்று கேளுங்கள்

பெரும்பாலானவர்கள் தாண்டிப் போவது இந்தப் படியைத்தான். தளம் பிடித்துவிட்டதா, உடனே 'அபௌட்' பக்கத்தைத் திறந்து, இந்தத் தகவல் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். மரைன் டிராஃபிக்குக்குக் கப்பலைக் கண்ணால் பார்க்கத் தெரியாது. பெரிய கப்பல்களில் ஏஐஎஸ் என்ற ரேடியோ கருவி கட்டாயம் இருக்க வேண்டும், அது கப்பலின் பெயரையும் இடத்தையும் விடாமல் சொல்லிக்கொண்டே இருக்கும், கரையில் இருக்கும் ஆண்டெனாக்கள் அதைப் பிடித்து அனுப்புகின்றன. இது தெரிந்துவிட்டால், கண் முன்னால் போகிற வள்ளம் ஏன் வரைபடத்தில் இல்லை என்று குழம்ப மாட்டீர்கள். அதில் கருவி இல்லை, அவ்வளவுதான். விழிஞ்ஞம் பக்கம் வரைபடத்தை நகர்த்தினால் கன்டெய்னர் கப்பல்கள் வரிசை கட்டி நிற்பதைப் பார்க்கலாம், நம்ம எல்லையைத் தாண்டினால் வந்துவிடுகிற துறைமுகம்தானே.

திருகிப் பாருங்கள்

காற்றுக்கு எனக்குப் பிடித்தது எர்த் நல்ஸ்கூல் என்ற தளம். கறுப்பு உருண்டை, அதில் காற்று கோடு கோடாக ஓடும். எங்கே தொட்டாலும் அந்த இடத்தில் காற்று எந்தப் பக்கமிருந்து என்ன வேகத்தில் வருகிறது என்று எண் வரும். ஜூனில் திறந்தால், தென்மேற்கிலிருந்து வருகிற காற்று, மலை முடிகிற முனையில் திரண்டு பாய்வது தெரியும். காற்றாலையை ஏன் ஆரல்வாய்மொழிக் கணவாயில் நட்டார்கள் என்பதற்குப் பாதி விடை அங்கேயே கிடைக்கும். மீதி விடையை அது காட்டாது, ஏனென்றால் அது அளந்து பார்த்த காற்று இல்லை, உலகத்தைப் பல கிலோமீட்டர் அகலக் கட்டங்களாகப் பிரித்துக் கணினி போட்ட கணக்கு. கணவாய் மாதிரிச் சின்ன இடம் அந்தக் கட்டத்துக்குள் கரைந்துவிடும்.

கீழே மூலையில் இருக்கும் பெயரைத் தட்டினால் பட்டியல் விரியும், அதில் தேதியை மாற்றலாம். 2017 நவம்பர் 30-க்கு வைத்தேன். ஒக்கி புயல். நம்ம முனைக்குப் பக்கத்தில் அந்தச் சுழல் அப்படியே நிற்கிறது. பக்கத்து வீட்டு அண்ணாச்சி எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் எழுந்து போய்விட்டார். வேடிக்கைத் தளம் என்று நினைத்துத்தான் நான் அவரிடம் காட்டினேன்.

விண்டி என்ற தளத்தில் 'ஸ்வெல்' என்று ஒரு அடுக்கு இருக்கிறது. கள்ளக்கடல் என்று நம்ம கடற்கரையில் சொல்கிறார்களே, இங்கே காற்றே இல்லாதபோது அலை ஏறி வருவது, அது தெற்கே வெகு தூரத்துப் பெருங்கடலில் அடித்த காற்று கிளப்பிய அலை. சில நாட்கள் பயணம் செய்து வந்து சேர்கிறது. அந்த அடுக்கைப் போட்டு அடுத்த மூன்று நாளை ஓட விட்டால், அது தெற்கிலிருந்து ஏறி வருவதைப் பார்க்கலாம். ஆனால் கடலுக்குப் போகலாமா வேண்டாமா என்பதை இதைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அதற்கு ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற மத்திய அரசின் கடல் தகவல் மையம் எச்சரிக்கை வெளியிடுகிறது, அதுதான் கணக்கு.

ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு

பிடித்த தளத்தின் பெயரோடு 'ஆல்டர்நேட்டிவ்' என்று சேர்த்துத் தேடினால் அதே மாதிரியான மற்றத் தளங்கள் எல்லாம் வரும். விமானத்துக்கு ஃபிளைட்ரேடார்24 அப்படித்தான் கிடைத்தது.

ஏஐ அரட்டைக் கருவிகளையும் கேட்கலாம். ஆனால் விடையைக் கேட்காதீர்கள், விடை எங்கே கிடைக்கும் என்று கேளுங்கள். நான் ஒரு கருவியிடம் மார்த்தாண்டத்திலிருந்து பேச்சிப்பாறைக்குப் பஸ் நேரம் கேட்டேன், நிமிடக் கணக்கில் சொன்னது, நம்பி ஸ்டாண்டில் நின்றால் அப்படி ஒரு பஸ்ஸே கிடையாது என்று டைம் கீப்பர் சிரித்தார். அதே கருவியிடம் தளங்களின் பெயர் கேட்டபோது ஐந்து தந்தது, நான்கு உண்மையாக இருந்தன. திறந்து பார்த்தால் தெரிந்துவிடும், ஏமாற்றம் ஒரு நிமிடம்தான்.

சும்மா சிரிக்க வேண்டுமென்றால் குவிக் டிரா. 20 விநாடிக்குள் நீங்கள் வரைவதை கணினி கண்டுபிடிக்க வேண்டும், என் மைனி வரைந்த பூனையை அது ஒத்துக்கொள்ளவே இல்லை. சின்னப் பிள்ளைகளுக்கு நீல் டாட் ஃபன் தளத்தில் 'தி டீப் சீ'. கீழே இழுக்க இழுக்கக் கடலின் ஆழம் கூடும், அந்தந்த ஆழத்து மீன் வரும், பத்தாயிரம் மீட்டர் தாண்டியும் இழுத்துக்கொண்டே இருக்கலாம். பெரியவர்களுக்கு ரேடியோ கார்டன். உலக உருண்டையில் பச்சைப் புள்ளிகள், ஒவ்வொன்றும் ஒரு ஊர் வானொலி. எங்க அப்பா இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவர், இலங்கைப் பக்கம் புள்ளிகளைத் தொட்டுக் காட்டியதும் சாயா ஆறிப்போனது கூடத் தெரியவில்லை அவருக்கு.

இங்கே கொஞ்சம் கவனம்

புதுத் தளம் திறந்ததும், அறிவிப்பு அனுப்ப 'அலோ' (அனுமதி) கேட்டு ஒரு பெட்டி வரும். அவசரத்தில் ஒருமுறை அழுத்திவிட்டேன், ஒரு வாரம் போனில் 'வைரஸ் வைரஸ்' என்று மணியடித்தது. உங்களுக்கும் அப்படி ஆகியிருந்தால் குரோம் செட்டிங்ஸில் சைட் செட்டிங்ஸ், அதில் நோட்டிஃபிகேஷன்ஸ், அங்கே அந்தத் தளத்தைப் பிளாக் செய்யுங்கள். மேலே சொன்ன எந்தத் தளமும் வேடிக்கை பார்க்க ஓடிபி கேட்காது. கேட்டால் மூடிவிடுங்கள். தளமே ஏபிகே என்ற செயலிக் கோப்பை இறக்கச் சொன்னால் அப்போதும் மூடிவிடுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐக் கூப்பிடுங்கள்.

எழுதி வையுங்கள்

புக்மார்க் போட்டால் போதாது, பெயரை மட்டும் பார்த்தால் எதற்கென்று மறந்துவிடும். நான் ஒரு பழைய ரஃப் நோட்டில் இடது பக்கம் கேள்வியும் வலது பக்கம் தளமும் எழுதுகிறேன். வலது பக்கம் காலியாக இருக்கும் வரிகளும் உண்டு. மாத்தூர் தொட்டிப்பாலம் 1966-ல் கட்டுவதற்கு முன்னால் பறளியாற்றுப் பள்ளத்தாக்கு மேலிருந்து பார்த்தால் எப்படி இருந்திருக்கும் என்று எழுதியிருக்கிறேன். கூகுள் எர்த்தில் நம்ம பக்கத்துப் பழைய படங்கள் அவ்வளவு பின்னால் போகவில்லை, 'ஆர்கைவ்' வாலையும் போட்டுப் பார்த்தாயிற்று. திருவட்டார் பக்கம் யாருடைய வீட்டிலாவது பழைய போட்டோ கிடந்தால் சொல்லுங்கள்.