பழைய பேஸ்பால் புகைப்படங்கள்: வாங்குமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1948 ஜூன் 13. நியூயார்க்கின் யாங்கி ஸ்டேடியத்தில் புகழ்பெற்ற அமெரிக்க பேஸ்பால் வீரர் பேப் ரூத் மட்டையை ஊன்றி நிற்கிறார். அன்றுதான் அவருடைய சட்டையின் 3-ஆம் எண்ணுக்கு ஓய்வு கொடுத்தார்கள், அதாவது இனி அந்த அணியில் வேறு யாருக்கும் அந்த எண் இல்லை. பின்னாலிருந்து நாட் ஃபைன் எடுத்த அந்தப் படம் 1949-இல் புலிட்சர் பரிசு பெற்றது. அந்த வாரமே பத்திரிகைக்காக அச்சிட்ட பிரிண்டும், பல பத்தாண்டுகள் கழித்து அதே நெகட்டிவிலிருந்து எடுத்த பிரிண்டும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுதான். விலையில் மட்டும் பெரிய வித்தியாசம்.

படம் எடுத்த நாள் வேறு, அது தாளில் அச்சான நாள் வேறு. புதிதாகச் சேகரிப்பவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பெரும்பாலும் ஏமாறுகிறார்கள். பிஎஸ்ஏ போன்ற சான்றளிக்கும் நிறுவனங்கள் பின்பற்றும் வகைப்பாடும் இந்த இரண்டாவது தேதியைத்தான் முக்கியமாகப் பார்க்கிறது. மூல நெகட்டிவிலிருந்து, படம் எடுத்து ஏறத்தாழ 2 ஆண்டுகளுக்குள் அச்சிட்டது டைப் 1. அதே நெகட்டிவிலிருந்து அதற்குப் பிறகு அச்சிட்டது டைப் 2. நகல் நெகட்டிவிலிருந்தோ செய்தி நிறுவனம் கம்பி வழி அனுப்பிய படத்திலிருந்தோ அந்தக் காலத்திலேயே அச்சானது டைப் 3, பிந்தியது டைப் 4.

படம் துல்லியமாக இருக்கிறது, ஆகவே பழைய அசல் என்று முடிவுகட்டுவது முதல் தவறு. துல்லியம் நெகட்டிவைப் பற்றித்தான் சொல்லும், தாளின் வயதைப் பற்றி ஒன்றும் சொல்லாது. பழைய பேஸ்பால் புகைப்படக்காரர் சார்லஸ் கான்லனின் கண்ணாடி நெகட்டிவ்கள் பிழைத்துக் கிடந்ததால் 1990-களில்கூட அவற்றிலிருந்து அழகான படங்கள் வெளிவந்தன.

அடுத்தது புற ஊதா டார்ச். இதில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். சலவைத் தூளில் கலப்பதைப் போன்ற வெண்மையூட்டும் ரசாயனத்தை 1950-களின் நடுவிலிருந்து புகைப்படத் தாளிலும் சேர்க்கத் தொடங்கினார்கள். இருட்டறையில் டார்ச் அடித்ததும் தாள் பளிச்சென்று நீலமாக ஒளிர்ந்தால், அது, எடுத்துக்காட்டாக, 1927-இல் அச்சானதாக இருக்க முடியாது. அமெரிக்கப் புகைப்படக்காரர் லூயிஸ் ஹைன் கையெழுத்தோடு விற்பனையான பல பிரிண்டுகள் அவர் 1940-இல் இறந்த பிறகு தயாரான தாளில் இருப்பது 1990-களின் இறுதியில் தெரியவந்தது. அதற்கு உதவிய சோதனைகளில் இதுவும் ஒன்று. ஆனால் ஒளிரவில்லை என்றால் பழசு என்று பொருளில்லை. அந்த ரசாயனம் சேராத தாள்கள் பிறகும் கிடைத்தன. இந்தச் சோதனையால் ஒன்றைத் தள்ளுபடி செய்யலாம், சான்றிதழ் கொடுக்க முடியாது.

பின்பக்க முத்திரைகளையும் நிதானமாகப் படிக்க வேண்டும். யுனைடெட் பிரஸ் இன்டர்நேஷனல் என்ற செய்தி நிறுவனமே 1958 மே மாதம்தான் உருவானது. 1927 ரூத் படத்தின் பின்னால் அந்த முத்திரை மட்டும் இருந்தால் சந்தேகப்படுங்கள். அதற்காக உடனே தூக்கிப் போடவும் வேண்டாம். பழைய பிரிண்டையே பிற்பாடு மறுபடி பயன்படுத்தும்போதும் முத்திரை குத்துவார்கள். முத்திரைகளில் மிகப் பழைய தேதி எதுவோ, அது உண்மையானதாக இருந்தால், பிரிண்ட் அதற்கு முன்பே இருந்தது என்பது மட்டும் உறுதி.

தாளைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். கறுத்த பகுதிகளிலும் ஓரங்களிலும் வெள்ளி மினுமினுப்பு தெரிந்தால் அது வயதின் நல்ல அறிகுறி. இல்லாவிட்டால் போலி என்று சொல்லிவிட முடியாது. படத்தில் மடிப்போ கீறலோ தெரிந்து, விரல் வைத்தால் தாள் வழவழப்பாக இருந்தால், இன்னொரு பிரிண்டைப் படம்பிடித்த நகல் அது. பூதக்கண்ணாடியில் ஒழுங்கான புள்ளிகள் தெரிந்தால் அச்சு இயந்திரத்தில் வந்தது, புகைப்படமே அல்ல.

கையெழுத்தை வைத்துப் பிரிண்டின் வயதை முடிவு செய்யாதீர்கள். கையெழுத்து உண்மையாகவும் பிரிண்ட் மிகப் பிந்தியதாகவும் இருக்கலாம்.

வாங்கிய பிறகு நடக்கும் தவறுதான் எனக்கு அதிக வருத்தம் தருவது. பின்னால் ஒட்டிய விவரச் சீட்டையும் பத்திரிகை ஆசிரியர் போட்ட மெழுகுப் பென்சில் கோடுகளையும் அழுக்கு என்று நினைத்துச் சுரண்டிவிடுகிறார்கள். அந்தப் பிரிண்ட் எப்போது, யார் கையில் இருந்தது என்பதற்கு அவைதான் சாட்சி. ஓரத்தை வெட்டாதீர்கள், லேமினேட் செய்யாதீர்கள். ஏலத்தில் விலை கேட்குமுன் பின்பக்கத்தின் தெளிவான படத்தையும் கேட்டு வாங்குங்கள். அதைத் தர மறுப்பவரிடம் பெரிய தொகை கொடுத்து வாங்க வேண்டாம்.