தெரு ஓரியன்டீரிங்: கும்பகோணத்தில் ஓடுமுன் தெரிந்துகொள்ள வேண்டிய தவறுகள்

தெரு ஓரியன்டீரிங் என்பது வரைபடத்தைப் பார்த்து, அதில் குறித்த இடங்களை ஊருக்குள் தேடி ஓடும் போட்டி. வரைபடம் கைக்கு வந்ததும் பலர் கூட்டத்தோடு சேர்ந்து ஓடிவிடுகிறார்கள். பெரிய தவறு இதுதான். மாலை நேரத் தெரு ஓரியன்டீரிங் பெரும்பாலும் புள்ளிக் கணக்கில் நடப்பது. வரைபடத்தில் வட்டமிட்ட இடங்கள் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் புள்ளி உண்டு, நாற்பத்தைந்து நிமிடமோ ஒரு மணி நேரமோ கெடு இருக்கும். எங்கே முதலில் போவது, எதை விட்டுவிடுவது என்பது உங்கள் கையில். எல்லா வட்டத்தையும் தொட வேண்டிய கட்டாயம் இல்லை. அதனால் முதல் இரண்டு நிமிடம் நின்று வழியைத் தீர்மானியுங்கள். அந்த நேரம் வீண் போகாது.

தீர்மானிக்கும்போது நேர்க்கோட்டில் அளந்துவிடாதீர்கள். 1:10,000 அளவு வரைபடத்தில் ஒரு சென்டிமீட்டர் என்பது நூறு மீட்டர். ஆனால் கும்பகோணத்துக்கு வடக்கே காவிரி, தெற்கே அரசலாறு. மேலக்காவேரிப் பக்கம் ஒரு வட்டம் கண்ணெதிரே தெரியும். அங்கே போய்ச் சேரப் பாலத்தைத் தேட வேண்டும். மேடு பள்ளம் இல்லாத டெல்டாவில் ஓட்டத்தின் நீளத்தை முடிவு செய்வது பாலங்கள்தான். அவற்றை முதலில் குறித்துக்கொண்டு, அக்கரை வட்டங்களை ஒரே நடையில் முடிக்கப் பாருங்கள். ஒன்றுக்காக மட்டும் ஆற்றைக் கடப்பது பெரும்பாலும் கட்டுப்படியாகாது.

கோடையில் மேட்டூர்த் தண்ணீர் வருவதற்கு முன் ஆறு வெறும் மணலாகக் கிடக்கும். குறுக்கே ஓடிவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். இருட்டில் குழியும் கண்ணாடிச் சில்லும் தெரியாது. கோயிலையும் அப்படிக் குறுக்கு வழி ஆக்கக் கூடாது. சாயரட்சை நேரத்தில் பிராகாரத்துக்குள் ஷூவோடு நுழைவது யாருக்கும் அழகல்ல. மதிலைச் சுற்றித்தான் போக வேண்டும், அந்தத் தூரத்தையும் கணக்கில் சேருங்கள்.

"என் ஊர்தானே" என்ற நினைப்பும் கவிழ்த்துவிடும். உள்ளூர்க்காரர்களுக்கு மனதில் இருப்பது பைக் போகும் வழி. வரைபடத்தில் இருக்கும் சந்துகள் அவர்கள் கண்ணில் படுவதில்லை. வெளியூர்க்காரர்களோ கோபுரத்தைப் பார்த்து ஓடி ஏமாறுவார்கள். இந்த ஊரில் கோபுரத்துக்கா பஞ்சம்? சாரங்கபாணி கோயிலுக்குப் பதினொரு நிலை, கும்பேஸ்வரருக்கு ஒன்பது. மாலை மங்கலில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். வரைபடத்தின் வடக்கை நிஜ வடக்கோடு பொருத்திப் பிடித்து, நிற்கும் இடத்தில் கட்டைவிரலை வைத்தபடி நகர்ந்தால் இந்தக் குழப்பம் பாதி குறையும்.

சில ஓட்டங்களில் வட்டமிட்ட இடத்தில் உள்ள ஒன்றைப் பற்றிய கேள்விக்குப் பதில் எழுத வேண்டும்: மின்கம்பத்தின் எண், கல்வெட்டில் உள்ள ஆண்டு. அடுத்த கம்பத்தின் எண்ணை எழுதிவிட்டால் அவ்வளவு ஓட்டமும் போச்சு. வட்டத்தின் நடுப்புள்ளியைப் பார்த்து, அங்கேயே எழுதிவிடுங்கள்.

அப்புறம் திரும்பும் நேரம். கெடு தாண்டினால் நிமிடத்துக்கு நிமிடம் புள்ளி குறையும். தொடங்கிய இடத்துக்கு அருகே இருக்கும் குறைந்த புள்ளி வட்டங்களைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். நேரம் இருந்தால் தொடலாம், இல்லையென்றால் விடலாம். பத்து நிமிடம் மிச்சம் இருக்கும்போதே முகத்தை அந்தப் பக்கம் திருப்பிவிடுவது நல்லது.

நடைபாதை இல்லாத சாலையில் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டி தெரியும்படி ஓடுங்கள். வெளிர் நிறச் சட்டை, தலையில் ஒரு சிறு விளக்கு. ஐப்பசி, கார்த்திகையில் தெருவில் தண்ணீர் தேங்கியிருந்தால் அதில் கால் வைக்காமல் வேறு தெருவைப் பிடியுங்கள்; அடியில் திறந்த சாக்கடை இருக்கலாம்.