நிறுவனத் தேடலில் கிடைத்த ஆவணத்தைச் சரிபார்ப்பது எப்படி? வாளையார் எல்லையில் பணியாற்றும் புதியவர்களுக்கு

கோயம்புத்தூரில் தலைமை அலுவலகமும் வாளையாரைத் தாண்டிக் கஞ்சிக்கோட்டில் கிடங்கும் வைத்திருக்கும் நிறுவனங்களில், ஒரே கேள்விக்கு விடை தரும் ஆவணங்கள் ஷேர்பாயிண்ட் என்னும் நிறுவனக் கோப்புத் தளத்தில் ஒன்றும், கூகுள் டிரைவில் ஒன்றும், யாருக்கோ வந்த மின்னஞ்சலின் இணைப்பாக இன்னொன்றுமாகச் சிதறிக் கிடக்கும். இவற்றை ஒரே பெட்டியிலிருந்து தேடித் தருவது நிறுவனத் தேடல் கருவியின் வேலை. பட்டியலில் முதலில் நிற்கும் ஆவணம் இன்றும் நடப்பில் உள்ளதா என்பதை அந்தக் கருவி உறுதிப்படுத்தாது. அந்தப் பொறுப்பு தேடுபவருடையது. சரக்கு அனுப்பும் டெஸ்பாட்ச் பிரிவில் அன்றாடம் எழும் இ-வே பில் (சரக்கோடு செல்ல வேண்டிய ஜிஎஸ்டி மின்னணுச் சீட்டு) கேள்வி ஒன்றை வைத்து இதை விளக்குகிறேன்.

முதல் படி: கேள்வியை முழுமையாக எழுதிக்கொள்ளுங்கள்

"இ-வே பில்" என்று மட்டும் தட்டினால் பழைய பில்களே வந்து குவியும். "சாதாரணச் சரக்கு ஏற்றிய லாரி 350 கி.மீ. செல்ல வேண்டுமானால் இ-வே பில் எத்தனை நாள் செல்லும்?" என்று முதலில் தாளில் எழுதுங்கள். பிறகு அதிலிருந்து "இ-வே பில்", "செல்லுபடி", "சுற்றறிக்கை" ஆகிய சொற்களை எடுத்துத் தேடுங்கள். சேர்ந்தே வர வேண்டிய சொற்களை மேற்கோள் குறிக்குள் இட்டு, கோப்பு வகை, தேதி ஆகிய வடிகட்டிகளைப் பயன்படுத்தினால் பட்டியல் வெகுவாகச் சுருங்கும்.

இரண்டாம் படி: ஊர்ப்பெயரையும் எழுத்தையும் மாற்றிப் பாருங்கள்

எல்லைப் பகுதியில் தேடல் தவறுவது பெரும்பாலும் இங்கேதான். பாலக்காட்டைப் பழைய கோப்புகள் பால்காட் என்றே குறிக்கும். செங்கோட்டை வழியாகப் புனலூருக்குப் போகும் சரக்கின் கோப்புகளில் ஷென்கோட்டா என்றிருக்கும். சித்தூர் என்று தேடினால் ஆந்திரத்துச் சித்தூரும் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூரும் கலந்து வரும். அவற்றைப் பிரிக்க நம்பகமான வழி, ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கங்களைப் பார்ப்பது: கேரளத்துக்கு 32, தமிழ்நாட்டுக்கு 33, ஆந்திரத்துக்கு 37.

தமிழில் எழுதிய ஆவணங்களுக்குத் தனிக் கவனம் வேண்டும். "கிடங்கு" என்று தேடினால் "கிடங்கில்", "கிடங்குக்கு" என்பவை பல கருவிகளில் அகப்படுவதில்லை. ஷேர்பாயிண்டில் "கிடங்" என்று எழுதி இறுதியில் நட்சத்திரக் குறி இட்டால் அவை கிடைக்க வாய்ப்புண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய கோப்பு, திரையில் தமிழாகத் தெரிந்தாலும், உள்ளே ஆங்கில எழுத்துகளாகவே சேமிக்கப்பட்டிருப்பதால் யூனிகோடு தேடலுக்குச் சிக்காது. எழுத்துணர்தல் (படத்திலுள்ள எழுத்தை உரையாக மாற்றுதல்) செய்யப்படாத ஸ்கேன் பிரதிகளும் அப்படியே. கேரளக் கிளையிலிருந்து மலையாள எழுத்தில் வந்த கடிதங்களை மலையாளத்தில்தான் தேட வேண்டும். உடன் பணியாற்றும் மலையாளி நண்பரைத் தட்டித் தரச் சொல்லலாம்.

ஒன்றுமே கிடைக்காவிட்டால், ஆவணம் இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். உங்களுக்கு அனுமதியுள்ள கோப்புகளை மட்டுமே கருவி காட்டும்; நேற்று ஏற்றிய கோப்பு கருவியின் தேடல் அட்டவணையில் இன்னும் சேராமலும் இருக்கலாம். உரிய பிரிவில் கேளுங்கள். மாறாக, பிறருடைய சம்பளப் பட்டியல் போன்ற ஒன்று கண்ணில் பட்டால், யாருக்கும் அனுப்பாமல் ஐடி பிரிவுக்குத் தெரிவியுங்கள்.

மூன்றாம் படி: கிடைத்ததைச் சோதியுங்கள்

நம் தேடலில் இரண்டு சுற்றறிக்கைகள் கிடைத்தன என்று வைத்துக்கொள்வோம். ஒன்று, 100 கி.மீ.க்கு ஒரு நாள் என்கிறது. மற்றொன்று 200 கி.மீ.க்கு ஒரு நாள் என்கிறது. முதலாவதின்படி 350 கி.மீ.க்கு நான்கு நாள், இரண்டாவதின்படி இரண்டே நாள். தவறானதை நம்பி வண்டியை அனுப்பினால், பில்லின் கெடு முடிந்த பின் வழியில் நடக்கும் சோதனையில் சரக்கு பிடிபடலாம்.

இங்கே பலரும் "திருத்திய தேதி"யைப் பார்த்துப் புதியதைத் தேர்ந்தெடுப்பார்கள். அது போதாது, பழைய கோப்பை ஒருவர் திறந்து ஓர் எழுத்தைத் திருத்திச் சேமித்தாலே அந்தத் தேதி புதிதாகிவிடும். ஆவணத்தின் உள்ளே எழுதியிருக்கும் நடைமுறைக்கு வரும் தேதி, வெளியிட்ட பிரிவு, ஒப்பம், முந்தைய சுற்றறிக்கையை ரத்து செய்யும் வரி ஆகியவற்றைத் தேடிப் படியுங்கள். பதிப்பு வரலாற்றைத் திறந்து, யார் எதை மாற்றினார்கள் என்றும் பாருங்கள். "இறுதி", "புதியது" என்ற கோப்புப் பெயர்களுக்கு நான் எந்த மதிப்பும் தருவதில்லை.

அரசு விதியைச் சார்ந்த ஆவணமாக இருந்தால், மூல விதியோடு ஒப்பிடாமல் சோதனை முடிவதில்லை. இ-வே பில் ஜிஎஸ்டி விதி 138-இன் கீழ் வருவது. 2021 ஜனவரி 1 முதல் சாதாரணச் சரக்குக்கு ஒரு நாளுக்கான தூரம் 100 கி.மீ.யிலிருந்து 200 கி.மீ.யாக உயர்த்தப்பட்டது. ஆகவே 200 கி.மீ. என்னும் சுற்றறிக்கையே சரி.

கோபைலட் போன்ற செயற்கை நுண்ணறிவு உதவியாளர் சுருக்க விடை தந்தாலும், அது சுட்டும் ஆவணத்தைத் திறந்து இதே சோதனையைச் செய்யுங்கள். பழையதும் புதியதும் ஒரே தளத்தில் இருந்தால், இரண்டையும் கலந்து தெளிவான ஒரே விடைபோல அது சொல்லிவிடக்கூடும்.

நான்காம் படி: அடுத்தவருக்கு வழி செய்யுங்கள்

சரியான ஆவணத்தைச் சகாக்களுக்கு அனுப்பும்போது கோப்பை இணைக்காமல், அதன் இணைப்பு முகவரியை மட்டும் அனுப்புங்கள்; இணைத்த பிரதி நாளை இன்னொரு பழைய ஆவணமாகிவிடும். 100 கி.மீ. சுற்றறிக்கையை நீங்களே அழிக்க வேண்டாம். அதை வெளியிட்ட பிரிவுக்கு எழுதி, காப்பகத்துக்கு மாற்றச் சொல்லுங்கள்.