பவள ஜல்லிக்குச் சேலத்துக் கணக்கு ஒத்துவராது

சேலத்தை ஒட்டிய சேர்வராயன் மலை சார்னோக்கைட் என்ற கடினமான பாறை. அந்த மாதிரிக் கருங்கல் ஜல்லியையே பார்த்து வளர்ந்த நமக்கு ஜல்லியின் பலத்தில் சந்தேகமே வராது. சிமெண்ட்டையும் தண்ணீரையும் மட்டும் கவனிப்போம். சேலத்தில் சிவில் படித்துவிட்டு, பவள ஜல்லியில் (கடல் பவளத்தை உடைத்த ஜல்லி) ஃபைபர் கான்கிரீட், அதாவது நார் கலந்த கான்கிரீட், என்று புராஜெக்ட் எடுக்கும் பிள்ளைகள் தடுமாறுவது இந்தப் பழக்கத்தால்தான்.

முதலில், ராமேஸ்வரம் பக்கம் போய்ப் பவளம் எடுத்து வரலாம் என்று கிளம்பாதீர்கள். 2001 முதல் அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியோடு சேர்ந்து இருக்கிறது. அனுமதியோடு கிடைத்தால் மட்டும் தொடங்குங்கள்.

பெரிய தவறு தண்ணீரில் நடக்கிறது. நம்மூர் ஜல்லி 100 கிலோ எடுத்தால் ஒரு கிலோ தண்ணீர்கூடக் குடிக்காது. பவளம் உடம்பெல்லாம் துளை. உலர்ந்த ஜல்லியை மிக்சரில் போட்டால் கலவைத் தண்ணீரை உறிஞ்சிவிடும், கலவை இறுகும், உடனே கை ஒரு வாளி தண்ணீரை ஊற்றும். பலம் அங்கேயே போயிற்று. முன்கூட்டியே ஊறவைத்து, மேற்பரப்பு ஈரம் போனதும் போடுங்கள். ஜல்லி குடித்த தண்ணீருக்குத் தனிக் கணக்கு வேண்டும்.

அடுத்தது 7 நாள் கியூப், அதாவது கான்கிரீட்டைக் கனசதுரமாக வார்த்து ஏழாம் நாள் அமுக்கி உடைத்துப் பலம் பார்ப்பது. வழக்கமான கான்கிரீட்டில் 28 நாள் பலத்தில் மூன்றில் இரண்டு பங்கு அதற்குள் வந்துவிடும் என்று வைத்துக்கொள்கிறோம். பவளக் கான்கிரீட் தொடக்கத்தில் வேகமாகப் பலம் பிடித்து, பிறகு மெதுவாகிவிடும். அதே விகிதத்தில் பெருக்கினால் ஏமாறுவோம். உடைந்த கியூபையும் பாருங்கள்: கருங்கல்லில் விரிசல் பெரும்பாலும் ஜல்லியைச் சுற்றிப் போகும், பவளத்தில் ஜல்லியையே பிளந்து போகும். ஆகவே ஓர் அளவுக்கு மேல் சிமெண்ட்டைக் கூட்டிப் பயனில்லை.

ஃபைபர் அமுக்கு பலத்தைப் பெரிதாக ஏற்றாது. விரிசலை இழுத்துப் பிடிப்பதும், வளைவைத் தாங்க வைப்பதும்தான் அதன் வேலை. அதிகம் போட்டால், அல்லது ஒரே இடத்தில் கொட்டினால், உருண்டை கட்டி உள்ளே ஓட்டை விழும். பவளத்தில் கடல் உப்பு இருக்கிறது. கழுவினாலும் துளைக்குள் தங்கியது முழுக்கப் போகாது. அதனால் ஸ்டீல் ஃபைபர் துருப்பிடிக்கும். சாதாரண கண்ணாடி நாரைச் சிமெண்ட்டின் காரமே தின்றுவிடும். பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் நார் இரண்டுக்கும் தாங்கும்.

28 நாள் பலம் வந்துவிட்டதால் நீடித்து உழைக்கும் என்று எழுதாதீர்கள். உப்புநீரில் நனைத்து உலர்த்தும் சோதனையையும் 90 நாள் கியூபையும் முதல் வாரமே அட்டவணையில் சேருங்கள்; செமஸ்டர் பாதியில் நினைத்தால் நாள் போதாது.