ரேபிட் லோட் டெஸ்டில் மண்ணின் டேம்பிங்கைக் கழிப்பது எப்படி?

ரேபிட் லோட் டெஸ்டில் ஒரு வகையான ஸ்டாட்னமிக் டெஸ்டில், பைல் (மண்ணுக்குள் இறங்கும் அடித்தளத் தூண்) தலைமேல் இருக்கும் கனமான எடையை எரிபொருள் வாயுவின் அழுத்தம் மேலே தூக்கியெறியும், அந்த எதிர்விசையில் பைல் கீழே அழுந்தும், எல்லாம் சுமார் 0.1 வினாடியில் முடிந்துவிடும். லோட் செல் காட்டும் விசையில் மண்ணின் நிலையான தாங்கு சக்தியோடு பைலின் நிலைமமும், வேகத்தால் மண் கூடுதலாகத் தரும் எதிர்ப்பான டேம்பிங்கும் கலந்திருக்கும். இவற்றைப் பிரிப்பதுதான் வேலை.

முதலில் பைல் மொத்தமாக ஒரே கட்டையாக நகர்கிறதா என்று பாருங்கள். பைலுக்குள் விசை அலை பரவும் வேகத்தை (அலைவேகம்) விசை நீடித்த நேரத்தால் பெருக்கி, பைல் நீளத்தால் வகுங்கள். விடை 12-க்கு மேல் இருந்தால் சரி. கான்கிரீட்டில் அலைவேகம் சுமார் 4000 மீ/வி, ஆகவே 20 மீட்டர் பைலுக்கு 20 வரும். 40 மீட்டர் என்றால் 10தான், அப்போது பைலைத் துண்டுகளாகப் பிரித்துக் கணக்கிட வேண்டும்.

அடுத்து முடுக்கத்தைத் தொகையிட்டு வேகம் எடுங்கள். இன்னொரு முறை தொகையிட்டால் வரும் இடப்பெயர்ச்சி லேசர் அளவோடு பொருந்தும்வரை முடுக்கப் பதிவின் பூஜ்யக் கோட்டை (பேஸ்லைன்) திருத்துங்கள், இதில் சோம்பேறித்தனம் காட்டினால் பின்னால் வரும் எதுவும் உருப்படாது.

இடப்பெயர்ச்சி உச்சம் தொடும் கணத்தில் வேகம் பூஜ்யம், எனவே அங்கே டேம்பிங்கும் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்வதுதான் வழக்கமான 'அன்லோடிங் பாயின்ட்' முறை. ஒரு கற்பனைக் கணக்கு: 1 மீட்டர் விட்டம், 20 மீட்டர் நீளம், நிறை சுமார் 37.7 டன். அந்தக் கணத்தில் விசை 6 மெகாநியூட்டன், முடுக்கம் மைனஸ் 10 மீ/வி² என்றால் நிலைமத்தைக் கழிக்க, மைனஸும் மைனஸும் சேர்ந்து 6.38 வரும். விசையின் உச்சத்துக்கும் இந்தப் புள்ளிக்கும் நடுவே மண்ணின் தாங்கு சக்தி இதே 6.38தான் என்று வைத்து, அதையும் நிலைமத்தையும் கழித்த மிச்ச விசையை வேகத்தால் வகுத்தால் டேம்பிங் கெழு கிடைக்கும். வேகம் பூஜ்யத்தை நெருங்கும் கடைசிப் புள்ளிகளை விட்டுவிடுங்கள், அங்கே கெழு கன்னாபின்னாவென்று ஏறும்.

மணலில் இதுவரை பெரிய தொல்லை இல்லை. களிமண்தான் ஆளைக் கவிழ்க்கும், ஏனென்றால் அதன் எதிர்ப்பு வேகத்துக்கு நேர்விகிதத்தில் கூடுவதில்லை, தோராயமாக வேகத்தின் 0.2 அடுக்கில் கூடுகிறது. ஆய்வாளர்கள் ராண்டால்ஃபும் டீக்ஸும் 1992-இல் சொன்ன வடிவில், 1 மீ/வி வேகத்தில் நிலையான எதிர்ப்பு இரண்டு மடங்காகிறது என்று வைத்துக்கொண்டால், வேகம் நூறில் ஒரு பங்காகக் குறைந்த பிறகும் 40 சதவீதம் கூடுதலாகவே நிற்கும்! வேகம் குறையக் குறைய உங்கள் கெழு ஏறிக்கொண்டே போகிறதா? நேர்கோட்டு மாதிரி அந்த மண்ணுக்குப் பொருந்தவில்லை என்று சந்தேகப்படுங்கள்.

அப்போது இரண்டு வழி. ஒன்று, முல்லின்ஸின் ஆய்வுக் குழு 2002-இல் கொடுத்த குறைப்புக் காரணியால் அன்லோடிங் பாயின்ட் விடையைப் பெருக்குவது: பாறைக்கு 0.96, மணலுக்கு 0.91, வண்டலுக்கு 0.69, களிமண்ணுக்கு 0.65. நம் 6.38 களிமண்ணில் சுமார் 4.1 ஆகிவிடும். இன்னொன்று, நிலைமத்தைக் கழித்த விசையை (1 + ஆல்ஃபா × வேகம்^0.2) என்பதால் வகுப்பது; 1 மீ/வி வேகத்தில் எதிர்ப்பு எத்தனை பங்கு கூடுகிறது என்பதுதான் ஆல்ஃபா. வேகம் மீ/வி-இல் இருக்கட்டும், பைல் மேலெழும்பத் தொடங்கியதும் நிறுத்திவிடுங்கள். இரண்டையும் சேர்த்துப் போட்டுவிடாதீர்கள், ஒரே விளைவை இருமுறை கழித்ததாகிவிடும்.

எனக்கு இரண்டாவது வழிதான் பிடிக்கும், ஆனால் ஆல்ஃபாவைப் புத்தகத்திலிருந்து மட்டும் எடுக்காதீர்கள். அதே தளத்தில் ஒரு நிலையான லோட் டெஸ்ட் இருந்தால், இரண்டு வளைவுகளையும் ஒரே இடப்பெயர்ச்சியில் ஒப்பிட்டு ஆல்ஃபாவைப் பொருத்துங்கள். அறிக்கையில் அந்த மதிப்பையும் எழுதுங்கள்.