நெகட்டிவ் ஸ்கேனர் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாடல்களை ஒப்பிட உட்காரும் முன், கையில் இருக்கும் பிலிமை வெளியே எடுத்துப் பாருங்கள். 35 மி.மீ. துண்டுகளா, சட்டம் போட்ட ஸ்லைடுகளா, அகலமான 120 ரோலா, மொத்தம் எத்தனை படங்கள்? 35 மி.மீ.க்கென்றே செய்த பிலிம் ஸ்கேனருக்குள் 120 பிலிம் நுழையவே நுழையாது. காகிதத்துக்கான சாதாரண ஸ்கேனரும் உதவாது. பிலிமை ஊடுருவி ஒளி வர வேண்டும். அதற்கு மூடியிலும் விளக்கு இருக்க வேண்டும்.

அட்டைப்பெட்டியில் அச்சடித்த டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளிகள்) எண்ணை நம்புவதுதான் ஆகப் பெரிய தவறு. அந்த எண் சென்சார் எத்தனை புள்ளிகளை எடுக்கிறது என்பதைத்தான் சொல்கிறது; லென்ஸ் எவ்வளவு நுணுக்கத்தைப் பிரித்துக் காட்டும் என்பதைச் சொல்வதில்லை. 6400 டிபிஐ போட்ட பிளாட்பெட்டில் (கண்ணாடி மேல் வைத்து எடுக்கும் தட்டை ஸ்கேனரில்) உண்மையில் கிடைப்பது பெரும்பாலும் 1500 முதல் 2300 வரைதான். 36 × 24 மி.மீ. படத்தை 6400இல் எடுத்தால் கோப்பு சுமார் 55 மெகாபிக்சல் வரும். சுருக்காமல் சேமிக்கும் 48 பிட் டிஃப் கோப்பு என்றால் 330 எம்பி. 2000 டிபிஐ அளவுக்கே விவரம் பதியும் கருவி என்றால், அதற்குள் இருக்கும் சரக்கு 5 மெகாபிக்சல் சொச்சம். சோதிப்பது எளிது: ஒரே படத்தை 2400இலும் 6400இலும் எடுத்து, சிறியதைப் பெரிதாக்கிப் பக்கத்தில் வையுங்கள். கண்ணிமை முடியோ பெயர்ப்பலகை எழுத்தோ இரண்டிலும் ஒரே மாதிரி தெரிந்தால் கூடுதல் எண்ணால் பயனில்லை. அதே பிளாட்பெட் 120 ரோலில் எடுத்த 6×6 செ.மீ. நெகட்டிவுக்குத் தாராளமாகப் போதும். பிலிமே பெரிது, 2000 டிபிஐயிலேயே 19 மெகாபிக்சல் கிடைத்துவிடும். 35 மி.மீ. மட்டும் என்றால் தனி பிலிம் ஸ்கேனரே எங்கள் பரிந்துரை.

அகச்சிவப்புத் தூசி நீக்கம் எல்லா பிலிமுக்கும் ஆகும் என்று எண்ண வேண்டாம். வண்ணச் சாயங்கள் அகச்சிவப்பைக் கடத்திவிடும், தூசியும் கீறலும் மறிக்கும். அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் மென்பொருள் கறையைக் கண்டுபிடிக்கிறது. கறுப்பு வெள்ளை பிலிமில் படமே வெள்ளித் துகள். அதுவும் மறிப்பதால் படத்தையே கறையாக நினைத்துச் சிதைத்துவிடும். இல்ஃபோர்டு எக்ஸ்பி2 போல, வண்ண நெகட்டிவுக்கான சி-41 முறையில் கழுவும் கறுப்பு வெள்ளை பிலிம்கள் விதிவிலக்கு; அவற்றில் படம் சாயத்தால் ஆனது. கோடாக்கின் பழைய வண்ணப் பிலிமான கோடாக்ரோம் ஸ்லைடிலும் இது தகராறு செய்யும். ஆகவே, இருப்பதெல்லாம் கறுப்பு வெள்ளை என்றால் இந்த வசதிக்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். தூசி ஊதும் ரப்பர் பந்து ஒன்று வாங்குங்கள்.

சில நொடிகளில் படம் தரும் சின்னப் பெட்டிகளுக்குள் இருப்பது விளக்கும் ஒரு சிறு கேமராவும்தான். பல மாடல்கள் ஜேபெக் மட்டுமே தரும். ஸ்லைடின் அடர்ந்த நிழல்கள் அதில் வெறும் கறுப்பாகப் போய்விடும், பிறகு மீட்க வழியில்லை.

பழைய ஸ்கேனர் வாங்குவதானால் இணைப்பு என்ன வகை என்று முதலில் கேளுங்கள். ஸ்கஸியோ ஃபயர்வயரோ என்றால் இன்றைய கணினியில் நேரடியாகச் செருக இடமிருக்காது. தயாரிப்பாளரின் டிரைவர் காலாவதியாகியிருந்தாலும் வியூஸ்கேன் என்ற ஸ்கேனிங் மென்பொருள் பல பழைய மாடல்களை இயக்கும். அந்த மாடல் அதன் பட்டியலில் உண்டா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

பிலிமைப் பிடித்து வைக்கும் சட்டமான ஹோல்டரையும் கையில் எடுத்துப் பாருங்கள். பல கருவிகளில் ஃபோகஸ் ஒரே உயரத்தில் நிலைத்திருக்கும். சுருண்ட பிலிமை ஹோல்டர் தட்டையாகப் பிடிக்காவிட்டால் நடு கூர்மையாகவும் ஓரங்கள் மங்கலாகவும் வரும். சுருளை அடக்கப் பிலிமை நேரே கண்ணாடி மேல் வைத்தால், வானவில் போல நியூட்டன் வளையங்கள் விழும்.