தேதி இல்லாத பழைய கடற்கரைப் படமா? நீச்சலுடையை வைத்துக் காலத்தைக் கணிக்கலாம்

இது அமெரிக்கக் கடற்கரைப் படங்களுக்கான வழி. படத்தை ஸ்கேன் செய்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். கணினித் திரையில் பெரிதாக்கிப் பார்த்தாலே போதும். படத்தைத் தெளிவாக்கித் தரும் ஏஐ செயலிகள் மட்டும் வேண்டாம். இல்லாத தையலையும் பட்டனையும் அவையே வரைந்து வைத்துவிடும்.

படி 1: பெண்களின் கால்களைப் பாருங்கள். முட்டி வரை பாவாடை, கருப்புக் காலுறை என்றால் பெரும்பாலும் 1920களின் தொடக்கத்துக்கு முன். உடம்போடு ஒட்டிய கம்பளிப் பின்னலாடை, தொடையும் தெரிகிறது என்றால் அதற்குப் பின். 1922இல் வாஷிங்டனில் ஒரு போலீஸ்காரர் ஒரு பெண்ணின் முட்டிக்கு மேலே டேப் பிடித்து அளக்கும் படம் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் (அமெரிக்காவின் தேசிய நூலகம்) தளத்தில் கிடைக்கும். நீச்சலுடையின் விளிம்பு முட்டிக்கு மேல் 6 அங்குலத்தைத் தாண்டக்கூடாது என்பது அன்று அங்கே விதி. ஒப்பிட்டுப் பார்க்க அதையே பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: துணி. நனைந்த கம்பளி இடுப்பில் தொங்கும். 1930களில் லாஸ்டெக்ஸ் என்ற ரப்பர் இழை வந்தபின் உடை சுருக்கமின்றிப் பிடித்து நிற்கும்.

படி 3: பலரும் தடுமாறுவது இங்கேதான். உடை இரண்டு துண்டாக இருந்தால் உடனே 1946 என்று எழுதிவிடாதீர்கள். பிரெஞ்சு வடிவமைப்பாளர் லூயி ரேயார் பாரிஸில் தொப்புள் தெரியும் பிகினியை அறிமுகப்படுத்தியது அந்த ஆண்டு ஜூலை 5இல்தான், சரி. ஆனால் இரண்டு துண்டு உடை 1930களிலேயே உண்டு. போர்க்காலத்தில் நீச்சலுடைத் துணியில் பத்தில் ஒரு பங்கைக் குறைக்கச் சொன்னது அமெரிக்க அரசு. வயிற்றுப் பகுதித் துணி போனது. தொப்புள் மட்டும் மறைந்தே இருந்தது. ஆகவே இடுப்புப் பட்டி தொப்புளுக்கு மேலா, கீழா என்று பாருங்கள். கீழே இருந்தால் 1960கள் என்று தொடங்குங்கள். பிரெஞ்சுக் கடற்கரை என்றால் 1950களாகவும் இருக்கலாம்.

படி 4: உடை காட்டும் காலத்தை "இதற்கு முன் இல்லை" என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். படம் அதற்குப் பின்னும் எடுத்ததாக இருக்கலாம். அன்று குளியல் விடுதிகளில் நீச்சலுடை வாடகைக்குக் கிடைத்தது. வாடகை உடையில் புது ஃபேஷனை எதிர்பார்க்க முடியுமா?

பின்சேர்க்கை: ஆண்கள் மட்டும் இருக்கும் படத்துக்கு என்ன வழி என்று சிலர் கேட்டிருந்தீர்கள். மார்பைப் பாருங்கள். 1930களின் தொடக்கம் வரை பல கடற்கரைகளில் ஆண்களும் மேலுடம்பை மூடியாக வேண்டும். மேல்பகுதியை ஜிப் போட்டுக் கழற்றும் உடையை ஜான்ட்சன் என்ற அமெரிக்க நீச்சலுடை நிறுவனம் அந்தப் பத்தாண்டில்தான் விற்றது. சிலர் மூடியும் சிலர் திறந்தும் நின்றால் நான் 1930களின் நடுப்பகுதி என்றே குறிப்பேன்.